உப்புநீர் தொட்டியில் மீன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, உடல்கூடக் கிடைப்பதில்லை

கோவை_ரீஃப்

எல்லோருக்கும் வணக்கம். தொட்டி நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், கீழே சம்ப் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் துணைத் தொட்டி), அதில் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் எல்லாம் உண்டு. ஓடத் தொடங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. உப்பு அடர்த்தி 1.025, வெப்பநிலை 26 டிகிரி, அம்மோனியா பூஜ்யம், நைட்ரேட் 10 பக்கம். தண்ணீரில் குறை இருப்பதாகத் தெரியவில்லை.

சில வாரங்களாக மீன்கள் ராத்திரியில் காணாமல் போகின்றன. முதலில் ஃபயர்ஃபிஷ். அப்புறம் பச்சை க்ரோமிஸ் ஐந்து இருந்தது, ஒவ்வொன்றாகக் குறைந்து இப்போது இரண்டுதான். அதற்கப்புறம் மஞ்சள் க்ளவுன் கோபி, விரல் நுனி அளவுதான் இருக்கும், அதுவும் இல்லை. போன வாரம் வாங்கி விட்ட மஞ்சள் கோரிஸ் ராஸ் விட்ட அன்றைக்கே கண்ணில் இருந்து மறைந்தது. செத்திருந்தால் உடல் எங்காவது மிதக்க வேண்டும், ஒரு எலும்பு, ஒரு செதில் கூட இல்லை. விளக்கு அணையும்போது எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன், காலையில் ஒன்று குறைகிறது.

அந்த இரண்டு க்ரோமிஸ் தவிர மீதி இருப்பவை: க்ளவுன் மீன் ஜோடி, சிக்ஸ்லைன் ராஸ், க்ளீனர் இறால், சன்னியாசி நண்டுகள், நசேரியஸ் நத்தைகள், டர்போ நத்தைகள், பச்சை ப்ரிட்டில் ஸ்டார் (நீளமான ஐந்து கைகள் உள்ள, நட்சத்திர மீன் மாதிரியான பிராணி) ஒன்று. பாறை பெரும்பாலும் ட்ரை ராக், அதாவது உயிர் எதுவும் இல்லாத காய்ந்த பாறை. தொட்டியைக் கலைத்த ஒரு நண்பரிடமிருந்து வாங்கிய லைவ் ராக் (கடல் உயிர்கள் குடியிருக்கும் பாறை) இரண்டு துண்டும் உள்ளே இருக்கிறது.

இன்னொன்று, ராத்திரி பத்து மணிக்கு மேல் தொட்டிக்குள்ளிருந்து 'டிக்... டிக்' என்று சத்தம் வருகிறது. கண்ணாடியை யாரோ நகத்தால் சுண்டுவது மாதிரி. எனக்கு மான்டிஸ் இறால் மேல்தான் சந்தேகம், பொந்தில் ஒளிந்து வேட்டையாடும் இறால் மாதிரியான பிராணி அது. பாறை எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மணலையும் கிளறிப் பார்த்துவிடலாமா என்று யோசிக்கிறேன். என் பெண் தினமும் காலையில் தொட்டி முன்னால் நின்று இன்று எந்த மீன் இல்லை என்று கேட்கிறாள். அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் கஷ்டமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

நீலக்கோடு

ப்ரோ, சத்தம் வருகிறது என்றால் மான்டிஸ்தான், சந்தேகமே வேண்டாம். நண்பர் கொடுத்த பாறை இரண்டையும் தூக்கி வெயிலில் போடுங்கள். ஒரே நாளில் முடிந்துவிடும்.

சென்னை_சால்ட்

அவசரப்பட்டுப் பாறையை எடுக்க வேண்டாம் தம்பி. ஒரு வருடம் ஓடிய தொட்டியில் மணலை மொத்தமாகக் கிளறினால் அடியில் தங்கியிருக்கும் அழுக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் மேலே வரும், அம்மோனியா ஏறும், மீதி இருக்கிற மீன்களுக்கும் அதுவே ஆபத்தாகிவிடும். அது கடைசி வழி. நீங்கள் இன்னும் முதல் வழிக்கே வரவில்லை.

உங்கள் பட்டியலைப் பார்த்தால் எனக்கு ஒரே திருடன் என்று தோன்றவில்லை. ஃபயர்ஃபிஷ், க்ரோமிஸ், கோபி, கோரிஸ் ராஸ் நான்கும் நான்கு விதமான மீன்கள், காணாமல் போகிற காரணமும் அதே மாதிரி வேறு வேறாக இருக்கலாம். தொட்டிக்கு மேல் மூடி இருக்கிறதா? நீங்கள் எழுதவில்லை, அதனால் இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன். ஃபயர்ஃபிஷ் குதிக்கும். குதிக்கிற மீன்களில் அதற்குத்தான் முதலிடம். அதிலும் சிக்ஸ்லைன் ராஸ் இருக்கிற தொட்டியில் அது துரத்தித் துரத்தி விரட்டும், ஃபயர்ஃபிஷுக்கு ஓட மேலே தவிர வேறு வழி கிடையாது. இன்னொரு காரணம் நம் ஊர் கரன்ட். விளக்கு பட்டென்று அணைந்து பம்பும் நின்றால் மீன் மிரண்டு பாயும். ஒரு சின்ன நீல விளக்கை இன்வெர்ட்டர் இணைப்பில் போட்டு வைத்தால் இந்தத் தொல்லை பாதி குறையும். எல்இடி விளக்கில் மெதுவாக மங்கும் வசதி இருந்தால் அதைக் கட்டாயம் பயன்படுத்துங்கள்.

குதித்த மீன் தொட்டியின் காலடியிலேயே கிடக்கும் என்று நினைக்காதீர்கள். துடித்துத் துடித்து ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவில், சோஃபாவுக்கு அடியில் என்று வெகுதூரம் போய்விடும். எறும்பு வரிசை எங்கே போகிறது என்று பாருங்கள், வீட்டில் பூனை இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். அப்புறம் தொட்டித் தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் டார்ச் அடியுங்கள், அந்தத் தண்ணீரை வடிகட்டும் துணிப்பையான ஃபில்டர் சாக்ஸைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள், சம்ப்பில் ஸ்கிம்மருக்குப் பின்னால் பாருங்கள். ஓவர்ஃப்ளோவில் விழுந்த சின்ன மீன் சம்ப்பில் ரொம்ப நாள் உயிரோடு இருந்ததை நான் பலர் வீட்டில் பார்த்திருக்கிறேன்.

உடல் கிடைக்கவில்லை என்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. க்ரோமிஸ் அளவுள்ள மீன் சாயங்காலம் செத்தால் காலைக்குள் ஒன்றும் மிஞ்சாது. நசேரியஸ் நத்தை மணலுக்குள் புதைந்து கிடக்கும், செத்த வாடை பட்டதும் தும்பிக்கை மாதிரி குழாயை நீட்டிக்கொண்டு நாலு பக்கமிருந்தும் கிளம்பி வரும். கூடவே சன்னியாசி நண்டு, பாறைக்குள்ளிருக்கும் முள்புழுக்கள், இறால் எல்லாம் சேர்ந்தால் முள்ளைக்கூடப் பாறை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போய்விடும். 400 லிட்டருக்கு மேல் தண்ணீர், நன்றாக ஓடுகிற ஃபில்டர், அதில் ஒரு சின்ன மீன் செத்தால் அம்மோனியா டெஸ்டில் தெரியவே தெரியாது.

கோரிஸ் ராஸை இன்னும் கணக்கில் இருந்து எடுக்காதீர்கள். அது மணலுக்குள் புதைந்து தூங்குகிற மீன். புதிய இடத்தில் விட்டால் பயத்தில் நாட்கணக்கில் வெளியே வராது. மணலைக் கிளற வேண்டாம் என்று சொல்ல இது இன்னொரு காரணம்.

தூத்துக்குடி_அலை

அண்ணாச்சி சொன்னது சரி. மான்டிஸ் விஷயத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் இழுவலையில் அது வரும், கையில் வாங்கியவர்களுக்குத் தெரியும் அதன் குணம்.

மான்டிஸில் இரண்டு வகை. ஒன்று குத்தி இழுக்கிற வகை, மணலிலும் சேற்றிலும் குழி தோண்டி இருக்கும், மீனைப் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். இன்னொன்று அடித்து உடைக்கிற வகை, பாறைப் பொந்தில் இருக்கும். லைவ் ராக்கோடு தொட்டிக்கு வருவது அநேகமாக இந்த இரண்டாவது. அது முதலில் கை வைப்பது நத்தையிலும் நண்டிலும்தான். அதன் பொந்து வாசலைப் பார்த்தால் உடைந்த ஓடுகள் கிடக்கும், டர்போ நத்தையின் ஓடு விளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருக்கும். மயில் மான்டிஸ் என்கிற பெரிய இனம் விநாடிக்கு 23 மீட்டர் வேகத்தில் அடிக்கிறது என்று அளந்திருக்கிறார்கள், அந்த அடிக்கு நத்தை ஓடு எம்மாத்திரம். உங்கள் தொட்டியில் நத்தையும் சன்னியாசி நண்டும் முழுசாக இருக்கிறது, மீன் மட்டும் குறைகிறது என்றால் மான்டிஸ் என்று எனக்குப் படவில்லை.

டிக் சத்தம் பிஸ்டல் இறாலும் போடும். ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக இருக்கும், அதை மூடும்போது வருகிற சத்தம்தான் அது. மீனுக்குப் பெரிய தொந்தரவு கிடையாது, சில இனங்கள் கோபி மீனோடு ஒரே வளையில் கூட்டுக் குடித்தனம் நடத்துகின்றன. எது என்று தெரிய வேண்டுமென்றால் ராத்திரி விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து, டார்ச்சில் சிவப்பு செலோஃபேன் காகிதத்தைச் சுற்றிக்கொண்டு உட்காருங்கள். சிவப்பு ஒளிக்கு இந்த ராத்திரிப் பிராணிகள் அவ்வளவாக மிரளாது. சத்தம் எந்தப் பாறையிலிருந்து வருகிறது என்று காதைக் கண்ணாடியில் வைத்துக் கேட்டாலே ஓரளவு பிடிபடும். அந்த ஒரு பாறையை மட்டும் வாளிக்கு மேல் தூக்கிப் பிடித்து, பொந்துக்குள் சிரிஞ்சில் சோடா தண்ணீர் கொஞ்சம் அடித்தால் உள்ளே இருப்பது வாளிக்குள் விழும். வெயிலில் போட்டால் பாறையில் உள்ள நல்ல உயிர்களும் செத்துவிடும், திரும்பத் தொட்டியில் வைத்தால் அந்த அழுகல் வேறு. பொந்துக்குள் விரலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

யாராவது பாபிட் புழு, அதாவது மீனைப் பிடித்துத் தின்னும் நீளமான கடல் புழு என்று பயமுறுத்துவார்கள், அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். அது இல்லாத கதை இல்லை. 2009-ல் இங்கிலாந்தில் நியூக்வே என்ற ஊரில் உள்ள ப்ளூ ரீஃப் அக்வேரியத்தில் இப்படித்தான் மீன் குறைந்துகொண்டே வந்தது, பவளங்கள் கடிபட்டுக் கிடந்தன, பொறி வைத்தும் சிக்கவில்லை. கடைசியில் பாறையை ஒவ்வொன்றாகக் கழற்றினால் ஒரு மீட்டருக்கு மேல் நீளமான புழு உள்ளே இருந்தது. ஆனால் நம் தொட்டிகளில் பார்க்கிற புழுக்களில் மிகப் பெரும்பாலானவை வெள்ளை முள் உள்ள சாதாரண முள்புழுக்கள், அவை செத்ததைத்தான் தின்னும். செத்த மீனை மொய்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு அதுதான் கொன்றது என்று பிடித்துப் போடுகிறவர்கள் நிறைய பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், தொட்டியைச் சுத்தமாக வைத்திருப்பதே அவைதான்.

கடைசியாக ஒன்று. அந்த லைவ் ராக் எங்கிருந்து வந்தது என்று நண்பரிடம் கேளுங்கள். மன்னார் வளைகுடாப் பக்கத்திலிருந்து பாறை என்ற பெயரில் பவளக்கல்லை எடுத்து விற்கிறவர்கள் இருந்தார்கள். பவளப்பாறையைக் கட்டும் இனங்கள் 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் வந்துவிட்டன, செத்த கல்லாக இருந்தாலும் சட்டம் அதேதான். உங்கள் மேல் குற்றம் சொல்லவில்லை. அந்தக் கரையில் வளர்ந்தவன், பவளம் இல்லாமல் போன இடத்தில் மீனும் இல்லாமல் போனதைப் பார்த்தவன், அதனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பவளமல்லி

எல்லோரும் மான்டிஸ் பற்றிப் பேசுகிறீர்கள், பட்டியலின் கடைசியில் அவர் எழுதியதை யாருமே பார்க்கவில்லையா? பச்சை ப்ரிட்டில் ஸ்டார்! அது எவ்வளவு பெரியது தம்பி? கை ஒரு சாண் நீளம் வந்துவிட்டதா?

கடையில் 'க்ளீனப் க்ரூ', அதாவது மிச்சம் மீதியைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்கிறவை என்று சொல்லி விற்பார்கள், சின்னதாக இருக்கும்போது அது உண்மையும்கூட. பெரிதானதும் வேட்டையாடத் தொடங்கும். அது செய்வதை ஒருமுறை நேரில் பார்த்தால் மறக்காது. விளக்கு அணைந்ததும் பாறையிலிருந்து இறங்கி மணலுக்கு வரும். ஐந்து கை நுனிகளையும் தரையில் ஊன்றி, நடு உடலை மேலே தூக்கிக்கொண்டு அப்படியே அசையாமல் நிற்கும். கீழே ஒரு சின்னக் குகை உண்டாகிவிடும். தூங்க இடம் தேடுகிற மீன் ஒதுங்க இடம் கிடைத்தது என்று அதற்குள் போகும். போனதுமே கைகள் எல்லாம் முறுக்கிக்கொண்டு உடல் கீழே இறங்கும், கைகளே சுற்றிச் சுவராகிவிடும், வெளியே வர இடுக்கு இருக்காது. சத்தம் கிடையாது, தடயம் கிடையாது, முழுசாக விழுங்கிவிடும்.

கோபி மாதிரி தரையோடும் பாறையோடும் ஒட்டி உட்காருகிற சின்ன மீன் அதற்கு ரொம்ப வசதி. ராத்திரி ஒதுங்க நல்ல இடம் கிடைக்காத க்ரோமிஸும் அப்படியே. சிவப்பு டார்ச் யோசனை நல்லது, ஆனால் மேலே பாறையைப் பார்க்காதீர்கள், மணலைப் பாருங்கள். எல்லா ப்ரிட்டில் ஸ்டாரும் இப்படி இல்லை. கறுப்பும் பழுப்புமாகப் பட்டை போட்டவை, பாறை இடுக்கிலிருந்து மெல்லிய கைகளை மட்டும் நீட்டுகிற குட்டிகள், இவை பெரும்பாலும் மிச்சம் மீதியைத்தான் தின்னும். இந்தப் பச்சையைத்தான் நம்பக் கூடாது.

அனிமோன் அல்லது பெரிய யானைக்காது மஷ்ரூம் பவளம் ஏதாவது உண்டா? கார்ப்பெட் அனிமோன் மீனை ஒட்டிப் பிடித்துவிடும், யானைக்காது பை மாதிரி மூடிக்கொள்ளும். நீங்கள் எழுதவில்லை, இருந்தால் சொல்லுங்கள்.

கோவை_ரீஃப்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

அனிமோன், மஷ்ரூம் எதுவும் இல்லை. மூடியும் இல்லை. சென்னை அண்ணா சொன்னபடி ஸ்டாண்டுக்குப் பின்னால் சுவரோரம் டார்ச் அடித்தேன். வயர்கள் போகிற இடத்தில் ஃபயர்ஃபிஷ் காய்ந்து கிடந்தது. முதுகில் நீண்டு நிற்குமே அந்தத் துடுப்பு, அது அப்படியே இருந்தது, உடல் பாதியை எறும்பு தின்றிருந்தது. மனசு கனத்துவிட்டது. ஓவர்ஃப்ளோ, சாக்ஸ், சம்ப் மூன்றிலும் ஒன்றும் இல்லை.

நத்தை ஓடுகளைப் பார்த்தேன், ஒன்றுகூட உடையவில்லை. சத்தம் நண்பர் கொடுத்த சின்னப் பாறையிலிருந்துதான் வருகிறது, சோடா அடித்ததில் ஒரு பெரிய கொடுக்கோடு பழுப்பு நிறத்தில் குட்டி இறால் விழுந்தது. பிஸ்டல் இறால்தான் என்று நினைக்கிறேன், மறுபடி உள்ளேயே விட்டுவிட்டேன்.

பவளமல்லி அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி மணலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். பதினொன்றரை மணிக்கு அது இறங்கியது. நீங்கள் சொன்ன மாதிரியே நுனிகளை ஊன்றி, உடலைத் தூக்கி, இரண்டு பாறைகளுக்கு நடுவில் நின்றது. பகலில் பாறைக்குப் பின்னாலிருந்து இரண்டு கை மட்டும்தான் தெரியும், முழுசாக அவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. க்ளீனர் இறால் அந்தப் பக்கம் போனபோது என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, குச்சியால் ஸ்டாரைத் தள்ளிவிட்டேன். மீன் பிடித்ததைக் கண்ணால் பார்க்கவில்லை, ஆனால் கோபி எங்கே போனது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கோரிஸ் ராஸ் இன்று மத்தியானம் மணலிலிருந்து தலையை நீட்டியது! பெண் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் அதைத்தான் முதலில் காட்டினேன்.

இரண்டு கேள்வி. க்ரோமிஸ் மூன்றையும் ஸ்டார்தான் தின்றதா? ஸ்டாரை எப்படிப் பிடிப்பது?

சென்னை_சால்ட்

ஃபயர்ஃபிஷ் போனது வருத்தம்தான் தம்பி. கோரிஸ் வந்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், கோரிஸும் குதிக்கிற சாதிதான். ஜன்னலுக்குக் கொசுவலை அடிக்கிறவரிடம் தொட்டி அளவுக்கு ஒரு அலுமினிய ஃப்ரேம் செய்து வாங்கி, அதில் ஆறு மில்லிமீட்டர் கண் உள்ள நிறமில்லாத நைலான் வலையை மாட்டுங்கள். கொசுவலையையே மாட்டினால் விளக்கு வெளிச்சம் குறையும், உப்பும் பாசியும் சீக்கிரம் அடைக்கும். ஓவர்ஃப்ளோ பல் பக்கத்தில் வெட்டிய இடைவெளியை விடாமல் மூடச் சொல்லுங்கள், மீன் அந்த இரண்டு விரல் சந்தைத்தான் கண்டுபிடிக்கும்.

க்ரோமிஸ் விஷயத்தில் ஸ்டாரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஐந்து வாங்கினால் ஒன்றில் முடிவது அந்த மீனில் உலகம் முழுக்க நடக்கிற கதை. கடலில் பெரிய பெரிய கூட்டமாகக் கிளைப் பவளத்துக்கு மேலேயே திரியும், ராத்திரி கிளைகளுக்குள் புகுந்துகொள்ளும். தொட்டியில் நாலைந்து மட்டும் இருந்தால் பெரியது அடுத்ததை அடிக்கும், அடிபட்டது தின்னாமல் மூலையில் ஒதுங்கும், ஒருநாள் இருக்காது. அது போனதும் அடுத்ததன் முறை. ஒதுங்கியதை ஸ்டார் எடுத்ததா, செத்த பிறகு நத்தை எடுத்ததா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. மீதி இரண்டும் சாப்பிடும்போது உட்கார்ந்து கவனியுங்கள். ஒன்று மற்றதை மேலே வரவே விடவில்லை என்றால் பதில் தெரிந்துவிடும். விலாப்பக்கம் சிவப்பாகப் புண் மாதிரி எதுவும் இருக்கிறதா என்றும் பாருங்கள். யுரோனிமா என்கிற ஒட்டுண்ணி க்ரோமிஸில் அடிக்கடி வரும், சில நாளிலேயே கொன்றுவிடும். அப்படிப் புண் தெரிந்தால் அன்றைக்கே தனித் தொட்டிக்கு மாற்றுங்கள், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட வேண்டாம்.

மூன்று காரணமும் ஒரே மாதத்தில் சேர்ந்து வந்ததால்தான் ஒரு பெரிய மிருகம் உள்ளே இருக்கிற மாதிரித் தெரிந்திருக்கிறது.

நீலக்கோடு

படித்துவிட்டு என் தொட்டிக்கும் வலை மூடிக்கு அளவெடுத்துவிட்டேன். கேள்வி கேட்ட ப்ரோவுக்கும் நன்றி.

பவளமல்லி

ஸ்டாரைக் கையாலோ வலையாலோ இழுக்காதே தம்பி, கையை உதிர்த்துவிடும், திரும்ப முளைக்கும் என்றாலும் அது படும் கஷ்டம் கஷ்டம்தான், உதிர்ந்த துண்டும் உள்ளே கிடந்து அழுகும். இரண்டு அங்குல பிவிசி குழாயில் ஒரு சாண் நீளம் வெட்டி, ஒரு முனையை மூடி, உள்ளே ஒரு துண்டு இறாலை வைத்து, விளக்கு அணைகிற நேரத்தில் அது இறங்குகிற இடத்தில் மணல் மேல் படுக்க வை. சாப்பாட்டுக்காகவும் ஒளிவதற்காகவும் உள்ளே போகும். காலையில் விளக்கு வருவதற்கு முன் குழாயோடு தூக்கி, தண்ணீர் நிறைந்த வாளிக்குள்ளேயே இறக்கு, காற்றில் வைத்துக்கொண்டு நிற்காதே. முதல் ராத்திரியே போகாவிட்டால் இரண்டு நாள் அதற்கு வேறு சாப்பாடு கிடைக்காமல் பார்த்துக்கொண்டு மறுபடி வை.

பெரிய ஏஞ்சல், டாங் வளர்க்கிற யாராவது இருந்தால் கொடுத்துவிடு, அவ்வளவு பெரிய மீனை அது ஒன்றும் செய்யாது. கொடுக்கும்போது இது என்ன செய்யும் என்பதைச் சொல்லிக் கொடு. வேறு தொட்டிக்குப் போகும்போது புதிய தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து நிதானமாகப் பழக்க வேண்டும், உப்பு அடர்த்தி சட்டென்று மாறினால் நட்சத்திர இனங்கள் எதுவும் தாங்காது. ஆள் கிடைக்கும்வரை உன் சம்ப்பிலேயே விட்டு வைக்கலாம், இரண்டு நாளுக்கு ஒரு துண்டு இறால் போதும். ஆனால் அதற்கு முன்னால் ரிட்டர்ன் பம்பின் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டிவிடு, இல்லாவிட்டால் கை உள்ளே போய் பம்பும் நின்றுவிடும், அதுவும் செத்துவிடும்.